ஷெரினின் மேசை

பக்கத்து வீட்டு ஷெரினுக்குப் பள்ளியில் பேசும் மேசை வந்துவிட்டது. பிள்ளையின் பேரில் அரசு விற்கும் முதலீட்டுப் பத்திரத்தை யாராவது வாங்கினால்தான் அது கிடைக்கும். அதே வகுப்பில் என் மகன் ஆல்ட்ரினுக்கு இன்னும் பழைய மரப்பெஞ்சுதான்.

பெற்றோர் கூட்டத்தன்று ஷெரினின் அம்மா அந்த மேசையைத் தடவித் தடவிக் காட்டினாள். எனக்கு வயிறு எரிந்தது. என் கணவர் செல்வின் வகுப்பு வாசலிலேயே நின்றார். நான்தான் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்தேன்.

அவர் முகத்தைக் கண்டதும் மேசை பேசியது. “வணக்கம், செல்வின் ஐயா. ஷெரினின் பத்திரத்தை வாங்கியதற்கு நன்றி.”

“நல்லாப் படிக்கிற பிள்ளை மேல காசு போட்டாத்தான வட்டி வரும்,” என்று முணுமுணுத்தார்.

“அப்போ நம்ம பையன்?”

பெஞ்சிலிருந்து ஆல்ட்ரின் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவனப் பத்தி நமக்குத் தெரியும்லா,” என்றார்.