உயிருள்ள மண்

இரண்டு வருட இயற்கை வேளாண்மை டிப்ளமோ வகுப்பில் ஆளுக்கொரு பருத்தித் துணியை மண்ணில் புதைத்திருந்தார்கள். இரண்டு மாதத்தில் துணி எவ்வளவு மக்குகிறதோ, மண் அவ்வளவு உயிரோடிருக்கிறது என்று கணக்கு. வகுப்பிலேயே வயதில் மூத்த செவ்வந்தியின் வீட்டில் சுத்தப் பருத்தியென்று இருந்தது, போன வருடம் இறந்த கணவனின் சட்டை ஒன்றுதான்.

தோண்டிய அன்று மற்றவர்களுடையது கந்தலாக வந்தது. அவளுடையது மடிப்புக் கலையாமல் பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது.

"என்னக்கா இது?" என்றார் இளம் ஆசிரியை.

"மனசு வரலைங்க மேடம்."

ஆசிரியை மதிப்பெண் நோட்டை மூடினார். "இன்னும் ரெண்டு மாசம் எடுத்துக்கங்க. மண்ணு எங்கயும் போயிடாது."

செவ்வந்தி பையைக் கிழித்தாள். சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டாள். குழிக்குள் விரித்து, அதன் கைகளை நீவிவிட்டு, முதல் பிடி மண்ணை நெஞ்சில் விழாமல் ஓரமாகப் போட்டாள்.