ஸ்பீக்கரில் அக்கா

"ஆமென்" என்றான் வேன் டிரைவர், பின்சீட்டுக்கு அடியில் கையை விட்டுக்கொண்டே.

முந்தின நாள் மாலை யாரோ ஒரு பிள்ளை பிஸ்கட்டை நசுக்கி இடுக்கில் திணித்துவிட்டுப் போயிருந்தது. விரல் நுனிக்கு எட்டியது, பிடியில்தான் சிக்கவில்லை.

போன் டாஷ்போர்டின் மேல் கிடந்தது. ஸ்பீக்கரில் அக்கா ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

அத்தான் இறந்த பிறகு அவனாகத்தான் இந்த ஏற்பாட்டைச் சொன்னான். விடிந்ததும் போன் போடுவது, இருவரும் சேர்ந்து ஜெபிப்பது, அதன் பிறகு அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குக் கிளம்புவது, அவன் பள்ளிக்கூட வேனை எடுப்பது. தனியாக இருப்பவளுக்குத் துணையாக இருக்கும், தனக்கும் ஒரு நல்ல பழக்கம் வரும் என்று நினைத்தான்.

முதலில் கட்டிலருகே முழங்கால் போட்டான். ஒரு நாள் அவன், ஒரு நாள் அவள் என்று மாறி மாறி ஜெபித்தார்கள்.

கால் மரத்துப்போகிறது என்று நாற்காலிக்கு மாறினான். நாற்காலியில் தூக்கம் வந்தது. நேரமாகிறதே என்று சவரம் செய்துகொண்டே கேட்டான். கொஞ்ச நாளில் ஜெபம் முழுக்க அக்காவுடையதாகிவிட்டது. ஆமென் மட்டும் அவனுடையது.

வளைவு வந்தால் இண்டிகேட்டருக்குக் கை போவதுபோல, அவள் குரல் எங்கே இறங்குகிறதோ அங்கே அவன் வாய் தானாக ஆமென் போட்டது.

இதற்கிடையில் சபையில் எழுந்து சாட்சி வேறு சொல்லியிருந்தான். ஒரு நாளும் தவறியதில்லை என்று அவன் சொன்னபோது எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். போதகர் வாலிபர் கூட்டத்தில் அவனை உதாரணம் காட்டினார். அவன் மனைவி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிஸ்கட் பாதி வந்தது. மீதி நொறுங்கி உள்ளே போனது.

"ஆமென்."

துடைப்பக் குச்சி ஒன்றை உருவி இடுக்கில் விட்டுக் கிளறினான்.

"ஆமென்."

தூளோடு ஒரு கிளிப்பும் வந்தது. அதைத் தொலைத்துவிட்டு ஒரு சின்னப்பெண் நேற்று வழியெல்லாம் அழுதிருந்தாள். ஊதிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். காலையிலேயே ஒரு நல்ல காரியம் செய்த சந்தோஷம்.

"ஆமென்."

"யாருக்குங்க ஆமென் சொல்றீங்க?"

மனைவி காபியோடு வேன் கதவருகே நின்றிருந்தாள்.

"அக்காவுக்குத்தான்."

"அவங்க நிறுத்தி எவ்வளவு நேரமாச்சு. 'இன்னைக்கு எனக்கு வார்த்தை வரல தம்பி, நீ ஜெபம் பண்ணு'ன்னாங்க. அதுக்கு ஆமென்னீங்க. அப்புறம் அழுதாங்க. அதுக்கும் ஆமென்னீங்க."

குரலை அவள் உயர்த்தவில்லை. காபியைப் படியில் வைத்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல் அங்கேயே நின்றாள்.

போனின் திரை எரிந்துகொண்டிருந்தது. அழைப்பு துண்டிக்கப்படவில்லை.

சீட்டுகளுக்கு நடுவே முட்டிபோட்டே முன்னால் நகர்ந்து போனை எடுத்தான்.

"அக்கா."

"இருக்கேன்பா."

மூக்கடைத்த குரல். அவனுக்குக் காது மடல் வரை சுட்டது.

"இங்க சிக்னல் சரியில்லக்கா, நீ சொன்னது…" என்று ஆரம்பித்தான். மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பொய்யை அவனால் முடிக்க முடியவில்லை.

"இல்லக்கா. நான் கேக்கல. ரொம்ப நாளாவே கேக்கல."

"தெரியும்" என்றாள் அக்கா. "ஒரு நாள் தண்ணி சத்தம். ஒரு நாள் நீ டயரை உதைக்கிற சத்தம்."

கேட்ட உடனே போனை வைத்துவிட மாட்டோமா என்றிருந்தது அவனுக்கு.

"பின்ன ஏன்க்கா தினமும்…"

"நீ ஆசையா ஆரம்பிச்ச. நான் விட்டா நீயும் விட்டுடுவேன்னுதான்." மூக்கை உறிஞ்சினாள். "உங்க அத்தான் போனதுலேர்ந்து ஆண்டவருக்கும் எனக்கும் பேச்சே இல்ல தம்பி. உனக்காகத்தான் வாயை அசைச்சிட்டு இருந்தேன். இன்னைக்கு அதுவும் முடியல."

அக்காவைத் தாங்கிப் பிடித்திருப்பதாகச் சபை நடுவில் நின்று சொன்னவன் அவன்தான். கைதட்டக்கூடச் செய்தார்கள்.

கண்ணை மூடினான். "ஆண்டவரே" என்றான். அதற்கு மேல் வரவில்லை. மைக் முன்னால் அருவி மாதிரி கொட்டிய வார்த்தைகளில் ஒன்றுகூடப் பக்கத்தில் வரவில்லை. எத்தனை நாளாக ஜெபத்துக்கென்று இந்த வாயைத் திறக்காமலே வைத்திருந்தோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"எங்க அக்கா உங்ககூடப் பேசறதில்லையாம்" என்றான் கடைசியில். "நானும் பேசல. பேசறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன்."

அதற்குப் பிறகு திக்கித் திணறி அத்தானைப் பற்றிச் சொன்னான். அக்கா தனியாகச் சாப்பிடுவதைச் சொன்னான். சொல்லச் சொல்ல, அவள் இத்தனை நாள் என்ன சாப்பிடுகிறாள் என்றே தான் கேட்டதில்லை என்பது உறைத்தது. அதையும் சொன்னான்.

அவன் முடித்த பிறகும் அக்கா போனை வைக்கவில்லை.

அன்று வேன் தாமதமாகத்தான் கிளம்பியது. முதல் நிறுத்தத்தில் பிள்ளையோடு காத்திருந்த அம்மா ஒருத்தி, "என்னாச்சு, நீங்க லேட்டாவே வர மாட்டீங்களே" என்றாள்.

"வீட்ல கொஞ்சம் வேலை" என்றான்.

ஜெபம் என்று சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது.