நீல நூல்கண்டு

அரீஷ் ஊரின் கடற்கரை வீடொன்றின் ஜன்னல் வழியாக மதிய வெயில் ஃபிரீஜாவின் மடியில் விழுகிறது. பதினோரு வருடம் பெட்டியில் கிடந்த கறுப்பு அங்கி அங்கே விரிந்திருக்கிறது. மார்புப் பகுதியில் சிவப்புப் பூத்தையல் பாதியில் நிற்க, அதே இடத்தில் ஊசி துருவேறிக் குத்தியிருக்கிறது. கணவன் சுவைலிமின் படகு திரும்பவில்லை என்று ஆட்கள் ஓடி வந்த காலையில் அவள் கைவிட்ட இடம் அது. கணவன் இருப்பவளுக்குச் சிவப்பு, இழந்தவளுக்கு நீலம். இங்குள்ள பெண்களின் வழக்கம் அப்படி. எதிரே சுவைலிமின் தங்கை ஹம்தா ஒரு நீல நூல்கண்டை உருட்டிக்கொண்டிருக்கிறாள்.

“எம்மக கல்யாணத்துக்கு அரைகுறை அங்கியோடயா வந்து நிக்கப் போறீங்க, மதினி? இதால முடிச்சிருங்க.”

“உங்கண்ணன் வந்து ‘என்னடி நீலம்?’னு கேட்டா நீயா பதில் சொல்லுவே?”

ஹம்தா நூல்கண்டைத் தரையில் வைக்கிறாள். ஃபிரீஜா மிச்சமிருந்த சிவப்பு நூலைப் புது ஊசியில் கோக்கிறாள். கடலிரைச்சலுக்கு நடுவிலும் நூல் துணியை உரசிப் போகும் சன்னமான ஓசை கேட்கிறது. வெயில் மடியை விட்டுத் தரைக்கு இறங்குகிறது. கடைசி வரிசைக்கு நூல் ஒரு சாண் குறைகிறது. வெறும் ஊசியைப் பிடித்தபடி அவள் நீலத்தைப் பார்க்காமல் ஜன்னலையே பார்க்கிறாள். ஹம்தா பெருமூச்சு விடுகிறாள். தன் அங்கியின் கையைத் திருப்பி, பூத்தையலின் ஓரத்தைப் பல்லால் கடித்து, ஒரு சிவப்பு இழையை மெல்ல உருவத் தொடங்குகிறாள்.