வேர் விட்டிருக்கா?

மதிய வெயில் கண்ணாடி மீன்தொட்டிக்குள் சாய்வாக இறங்கி, அடியில் பரப்பிய மணலில் நெளிகிறது. அப்பா சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு மறுபடியும் தண்ணீருக்குள் கையை விடுகிறார். பாக்கு அளவே உள்ள அல்லிக் கிழங்கு அது. மகள் ஆசையாக வாங்கிவந்து, பாதி வெளியே தெரியும்படி ஊன்றினாள். அதன்பிறகு ஒருநாள் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டவள்தான். வாசலில் வைக்கும் சாப்பாடு பாதிக்குமேல் திரும்பி வருகிறது. “திரும்பவும் பிடுங்குறீங்களா?” என்கிறாள் சமையலறையிலிருந்து வந்த அம்மா. “பிடுங்கல. வேர் விட்டிருக்கான்னு பாத்துட்டு வெச்சிடுறேன்.” “காலையிலயும் இதையேதான் சொன்னீங்க. கொஞ்சம் சும்மாதான் விடுங்களேன்!” கிழங்கு மணலை விட்டு எழும்போது விரலுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஓர் இழுப்பு. மீன்கள் மூலைக்கு ஓடுகின்றன. வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார். கிழங்கின் அடியில் ஒன்றுமில்லை. அவருடைய கட்டைவிரலில்தான் தலைமுடியைவிட மெல்லிசாக, வெள்ளையாக ஒன்று ஒட்டியிருக்கிறது. “விட்டுத்தான் இருந்திருக்கு,” என்கிறார். அம்மா வாயைப் பொத்திக்கொள்கிறாள். அவர் கிழங்கை மணலில் அழுத்துகிறார். அது மிதந்து மேலே வருகிறது. மறுபடி அழுத்துகிறார், மறுபடி வருகிறது. அதை அப்படியே விட்டுவிட்டு, முழங்கையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, மகளின் அறைக்குப் போய் விரலை மடக்கிக் கதவைத் தட்டப்போகிறார். “இப்பத்தானே தட்டுனீங்க!” அம்மா ஓடிவந்து அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறாள். உள்ளே கட்டில் கிறீச்சிடுகிறது. வெறுங்காலின் சத்தம் ஒன்று கதவுப்பக்கம் வந்து நிற்கிறது. பிடிக்குள் இருக்கும் அவர் கை கதவை நோக்கி இழுக்கிறது.