வால்தூராவுக்கு ஒரு வாக்கு

தாளை நான்காகக் கிழித்த பிறகுதான் உர்ஸுக்கு உறைத்தது.

நான்காவது துண்டை யாரும் பார்க்காத மாதிரி சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அவன் மனைவி ரெகுலா பார்த்தாள். மகள் லடீனாவும் பார்த்தாள். மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமையின் பின்னல் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினார்கள்.

அந்த மலையடிவார ஊரில் குப்பைத் தொட்டியை எந்த மூலையில் வைப்பது என்பதற்குக்கூட ஊர் கூடி வாக்கெடுப்பார்கள். அங்கே வாக்குச் சீட்டு எண்ணுகிறவன் உர்ஸ். அவன் வீட்டில் பிப்ரவரி பனிச்சறுக்கு விடுமுறையை மட்டும் சும்மா பேசி முடிவு செய்துவிட முடியுமா? இரண்டு ஊர், ரகசிய வாக்கு. யார் எதை எழுதினார்கள் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. சமமாக விழுந்தால் வீட்டில் சின்னவர் சொல்கிற ஊர்.

மூன்று வருடமாக வாக்கும் இல்லை, விடுமுறையும் இல்லை.

போட்டியில் எப்போதும் அதே இரண்டு ஊர்கள்தான். கால்டென்மாட்டில் நீளமான சரிவுகள், உர்ஸின் அத்தை வீடு, லடீனாவின் சிநேகிதிகள். வால்தூராவில் ஒரே ஒரு சரிவு, ஆளை மேலே இழுத்துப் போகும் கம்பி இரண்டு, பிள்ளைகள் ஸ்லெட்ஜ் பலகையில் உட்கார்ந்து சறுக்கி வரும் பாதை ஒன்று. அது மலையில்லை, முயல் ஏறும் மேடு என்று உர்ஸ் கேலி செய்வான். மகன் ரெட்டோவுக்கு மட்டும் அந்த மேடு என்றால் உயிர்.

"ரெண்டு ஊரும் இருக்கணும். இல்லேன்னா அது வாக்கெடுப்பே இல்ல" என்று உர்ஸ் இன்று காலையிலேயே சொல்லிவிட்டான்.

ரெகுலா கணக்குப் போட்டுப் பார்த்தாள். கால்டென்மாட் ஜெயித்தால் போய்த்தான் ஆக வேண்டும். அந்தச் சரிவின் அடியில் நின்று மேலே பார்த்துத்தான் ஆக வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அங்கேதான் பதினோரு வயது ரெட்டோவின் மேல் பனி சரிந்து மூடியது. சரிவு திறந்துதான் இருந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது என்றார்கள்.

ரெகுலாவுக்குக் குறை சொல்ல ஆள் இருந்தது.

அந்த வருட வாக்கெடுப்புக்கு முதல் நாள் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ரெட்டோ வந்து காதோடு சொன்னான்: "அம்மா, நீ மட்டும் வால்தூரான்னு எழுது, போதும். ரெண்டுக்கு ரெண்டு ஆயிடும். நான்தானே சின்னவன், ஜெயிச்சுடுவேன்."

சரிடா கண்ணா என்றாள்.

மறுநாள் பென்சிலைக் கையில் எடுத்தபோது, ஒரு வாரம் முழுக்க அந்த மேட்டடியில் கால் விறைக்க நிற்பதை நினைத்துப் பார்த்தாள். கால்டென்மாட் என்று எழுதிவிட்டாள். மூன்றுக்கு ஒன்று. ரெட்டோ அவளை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம், சரி, அங்கேயே போகலாம் என்றான்.

மற்ற இருவரும் எந்தக் காலத்திலும் கால்டென்மாட் கட்சிதான். அதில் ஒளிவுமறைவு இல்லை. சொல்லிவிட்டு மாற்றியது அவள் ஒருத்தி. அவனைக் கொண்டுபோய்ப் பனிக்கடியில் விட்டது தன்னுடைய ஒரு சீட்டுதான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ரகசிய வாக்கு என்பதால் மூன்று வருடமாக யாரும் அவளைக் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது, மாவு பிசையும்போது, தலை துவட்டும்போது அந்தப் பார்வை எதிரே வந்து நின்றுகொள்ளும். போ என்றால் போகாது.

இன்று அவள் வால்தூரா என்று எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போனது. இனி எழுதி யாருக்கு என்ன என்று மனது கேட்டது. ஆனாலும் எழுதி, நான்காக மடித்து, கம்பளித் தொப்பிக்குள் போட்டாள்.

லடீனா தொப்பிக்குள் கையை விட்டாள்.

"வால்தூரா."

அது தன்னுடையது என்று ரெகுலா நினைத்தாள். ஒன்று போயிற்று. இனி வருவது இரண்டும் மற்றதுதான். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வால்தூரா."

லடீனா மூன்றாவது சீட்டைப் பிரித்து மற்ற இரண்டின் பக்கத்தில் வைத்தாள்.

"இதுவும் வால்தூராதான்."

யாரும் யாரையும் கேட்கக் கூடாது. கேட்கவும் இல்லை. உர்ஸ் தானாகத்தான் பேசினான், ரொட்டித் தட்டைப் பார்த்துக்கொண்டு.

"அன்னிக்கே எழுதியிருக்கணும். கார் கழுவிட்டு இருந்தேன், வந்து கேட்டான். நீ மட்டும் எழுதினா போதும்ப்பான்னான். சரின்னு சொல்லிட்டு..."

லடீனாவின் முகம் வெளுத்தது.

"அப்பா, உன்கிட்டயுமா?"

இருவரும் ரெகுலாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஆமாம் என்று தலையசைத்தாள்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கிய மாதிரி இருந்தது. தான் மட்டும் இல்லை.

அதற்கப்புறம்தான் அது தோன்றியது. மூன்று பேரையும் தனித்தனியாகப் பிடித்து, மூன்று பேரிடமும் சரி என்று வாங்கி வைத்திருந்த பிள்ளை, நான்கு சீட்டிலும் வால்தூரா வரும் என்றுதான் உட்கார்ந்திருந்திருப்பான்.

அன்று சீட்டுகளைப் பிரித்தது ரெட்டோ. கால்டென்மாட் என்று ஒவ்வொன்றாக மூன்று முறை சத்தமாக வாசித்தவன் அவன்தான்.