பேனா துள்ளிய இடம்

கோட்டில் இருக்கும் அது பிசிறு இல்லை, பியூலாவின் சிரிப்பு. இதை இவரிடம் எப்படிச் சொல்வது? தண்ணீரில் கரைந்த இம்மியளவு மருந்தையும் காட்டும் கருவியை அவளும் நானும் செய்துகொண்டிருந்த காலம். காற்றசைந்தாலே வரைபடத்தில் கோடு போடும் அதன் பேனா கோணும். மின்விசிறியை நிறுத்திவிட்டு மூச்சடக்கி நிற்போம். கோடு முதல் தடவையாக மருந்தைக் கண்டு எழும்பி இறங்கியபோது, “ஏட்டி, ஒன் மூக்கு நுனி வேர்வையும் இதுல தெரியுமோ?” என்று மேசைமேல் சாய்ந்து சிரித்தாள். பேனா துள்ளியது. அவள் இறந்து இருபது வருடம் ஆகிறது.

“ஆய்வகப் பொன்விழா மலர்ல இந்த வரைபடம்தான் முதல் பக்கம், மேடம். கோட்டுல இருக்கிற இந்தப் பிசிறை மட்டும் அழிச்சிடறோம், சரிங்களா?” என்றார் மலர் தயாரிக்கும் செல்வின்.

நான் காகிதத்தை வாங்கிச் சுருட்டிக்கொண்டேன்.

“வேற படம் போட்டுக்கோங்க.”