கொஞ்சம் கருக்கிக் குடுங்க

போட்டோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் திருத்தித் தருவதில் கோவை ஆர்.எஸ்.புரத்தில் கதிர்வேலின் ஸ்டூடியோவுக்கு நல்ல பெயர். கறுத்த மாப்பிள்ளைகளைச் சிவப்பாக்கியே இரண்டு வருஷம் ஓட்டிவிட்டான்.

அந்தச் சனிக்கிழமை காலை வந்த திருமலைசாமியோ நேர்மாறாகக் கேட்டார்.

"கொஞ்சம் கருக்கிக் குடுக்கோணுங்க தம்பி."

மதுக்கரை போகும் வழியில் பஞ்சுக் குடோன் வைத்திருப்பவர். அவர் நீட்டிய படத்தில் அந்தக் குடோன்தான். கூரை வரைக்கும் பஞ்சுப் பொதிகள்.

"சுவரு, கூரை, பொதி அத்தனையும் கருகிக் கெடக்கறாப்பல தெரியோணுங்க. இன்சூரன்ஸ்காரங்களுக்குக் காட்டறதுக்கு."

கதிர்வேலுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஏதோ மூலையில் சின்னத் தீ. ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்கப் பார்க்கிறார் மனுஷன்!

"இந்தப் பக்கம் ஒண்ணுமே ஆகலியாட்ட இருக்குதுங்களே?"

"ஆகலீங்க. போட்டோவுல ஆகியிருக்கோணும்."

கதிர்வேல் படத்தை அவரிடமே திருப்பி நீட்டினான். அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம். பெண் வீடு அன்னூர். வரப்போகும் மாமனார் தம்பிதுரை, சீட்டாடுகிறவன் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத ஆள். போலீஸ் இந்தப் படியேறினால் சம்பந்தம் அன்றோடு முறிந்துவிடும்.

"வேண்டாங்க. மாட்டுனா என்ற கல்யாணமே நின்னு போயிருமுங்க."

"என்ற பொழப்பே நிக்கப் போகுதுங்களே!" திருமலைசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "மூணு வருசமா நட்டம். என்னைய நம்பிப் பதினஞ்சு குடும்பம் இருக்குது. நீங்களும் கைவிட்டா நான் எங்க போவேன் கண்ணு?"

வெள்ளை வேட்டி கட்டிய பெரிய மனுஷர் எதிரில் உட்கார்ந்து அழுதால் யாருக்குத்தான் மனசு இளகாது? போகட்டும், தீப்பிடித்தது நிஜம்தானே, கொஞ்சம் கூட்டிக் காட்டினால் குடியா முழுகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அவனுடைய கல்யாணப் பத்திரிகையில்கூட 'தொழிலதிபர்' என்றுதான் போட்டிருந்தார்கள்.

படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். அதன்மேல் கண்ணாடித் தாளை விரித்த மாதிரி ஒரு லேயர். அதில் மவுஸைத் தேய்க்கத் தேய்க்க, வெள்ளைச் சுவரில் கரி ஏறியது. அடியில் அசல் படம் அலுங்காமல் கிடந்தது.

"அந்த மூலைய மட்டும் கொஞ்சம் வெளுக்க வெய்ங்க தம்பி. பொதி எத்தனைன்னு எண்ணிப் பாக்கறாப்பல இருக்கோணும்."

இன்னொரு லேயர் போட்டு அந்த மூலைக்கு வெளிச்சம் கொடுத்தான். அடேயப்பா, என்ன நாசம்! செய்தவனுக்கே புகை நெடி அடித்தது.

"அருமைங்க! நீங்களே நேர்ல வந்து எடுத்தாப்பல ஒரு பில்லும் குடுத்துருங்க."

வேலை நன்றாக வந்த சந்தோஷத்தில் கதிர்வேல் அதையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஸ்டூடியோ சீலையும் குத்திவிட்டான். திருமலைசாமி அதை மடித்துச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

இனி ஒரே ஒரு வேலைதான் பாக்கி. கேமராவில் எடுத்த படம் என்றால் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் தேதி விழுந்திருக்க வேண்டுமே!

"தீப்புடிச்சது என்னைக்குங்க? அந்தத் தேதியவே போட்டுரலாம்."

திருமலைசாமி எழுந்து சுவரில் தொங்கிய காலண்டர் பக்கம் போனார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"இன்னைக்கு அஷ்டமி, நாளைக்கு நவமி... திங்கக்கெழமைன்னே போட்டுருங்க தம்பி, ராகு காலம் முடிஞ்சு ஒம்பது மணிக்கு மேல பத்த வெச்சுக்கறேன்."